பதினொரு இடத்தில் திருத்தியவன்

ஜூன் 10, திங்கள்

காலையில் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் வாசலோடு வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். எழுபது வயதில் நான் அதை அடுக்களை வரை உருட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நாள் அதோடு கெட்டது என்று நினைத்தேன். பதினொரு மணிக்குத் திருஞானம் போன் செய்து மிச்சத்தையும் கெடுத்தான்.

திருஞானம் இப்போது எங்கள் ஊர்ச் சுவடி நிலையத்துக்கு இயக்குநர். என் கீழே ஓலைக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தவன். நாற்காலி கிடைத்ததும் குரல் கனத்துவிட்டது.

"ஐயா, கட்டு 611 பத்தி ஒரு மனு வந்திருக்கு. மறுபடி விசாரிக்கணுமாம்."

"அது செத்த பாம்பு. அதை எதுக்கு அடிக்கிறே?"

"மனு போட்டது லூர்துநாதன் சாரோட பொண்ணு ஜெசிந்தா. திருச்சில கணக்குப் பேராசிரியையா இருக்காங்க. ஜூலை எட்டாம் தேதி நிர்வாகக் குழு உக்காருது. அவங்க ஒரு பக்கம் பேசுவாங்க, நீங்க ஒரு பக்கம் பேசணும்."

பேசுகிறேன். பேசாமல் எங்கே போவேன்?

கட்டு 611 என்றால் என்னவென்று எழுதிவைக்கிறேன். 1998 ஜூலையில் எங்கள் நிலையத்து லூர்துநாதன் சீர்காழிப் பக்கம் ஓர் இடிந்த வீட்டுப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த ஓலைக்கட்டு. அவனுக்கு வேலையே அதுதான், மொபெட்டில் ஊர் ஊராகப் போய்ச் சுவடி கேட்பது. இந்தக் கட்டில் இருந்த எழுத்து தமிழ் இல்லை, கிரந்தம் இல்லை, வட்டெழுத்தும் இல்லை. உலகத்தில் எவனும் படித்த எழுத்தே இல்லை. எழுநூறு வருஷத்துப் புதையல் என்று பத்திரிகையில் அவன் படத்தோடு வந்தது. நான் ஆராய்ந்து, இது மொழியே அல்ல, பழைய வெற்றோலையில் யாரோ புதிதாகக் கிறுக்கிய மோசடி என்று அறிக்கை கொடுத்தேன்.

ஆதாரம் இரண்டு. முதலாவது மை. எழுத்தாணி ஓலையைக் கீறத்தான் செய்யும், நிறம் தராது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால்தான் கீறலில் கரி நின்று எழுத்து தெரியும். 611இல் இருந்த மையின் எண்ணெய் இன்னும் காயக்கூட இல்லை என்று பரிசோதனைக்கூடம் எழுதிக் கொடுத்தது. இரண்டாவது, நாற்பத்துநான்கு ஓலை கொண்டுவந்தேன் என்றான் லூர்துநாதன். எண்ணினால் நாற்பத்துமூன்று. ஒன்றை எடுத்து எங்கோ விற்றிருக்கிறான், அல்லது கிறுக்கும்போது உடைத்திருக்கிறான்.

குழு அவனை வேலையை விட்டு நீக்கியது. பட்டியலில் 611க்கு எதிரே சிவப்பு மையில் 'போலி' என்று என் கையால் எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. ஆறு வருஷம் முன்னால் செத்தும் போனான். இப்போது மகள் வருகிறாள், பூசணிக்காயைத் தேட.

ஜூன் 11, செவ்வாய்

விசேஷம் ஒன்றுமில்லை.

ஜூன் 13, வியாழன்

ஆடி பிறப்பதற்குள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று தையல்நாயகி ஒற்றைக்காலில் நிற்கிறாள். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். கேட்பதுபோல இருக்கும், அது உத்தரவு.

அடிக்கட்டும், என் அறையைத் தவிர என்றேன்.

"ஏன், உங்க அறைச் சுவரு மட்டும் தானா வெளுக்குமா?"

"இரும்பு பீரோவை நகர்த்தினா ஆடும்."

"இப்பவும் ஆடுது. அடியில ஏதோ பழைய நோட்டை முட்டுக் கொடுத்து வச்சிருக்கீங்க. அதை உருவிட்டு ஒரு பலகைத்துண்டு வச்சா ஆச்சு."

கூடாது என்று கத்தினேன். அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அவள் ஒன்றும் பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

ஜூன் 15, சனி

ஜெசிந்தாவைப் பார்த்தேன். சுவடி நிலையத்து வாசிப்பறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியாகப் பார்த்தபோது பதினொரு வயது. அப்பாவின் மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு வருவாள். 'மாமா, மிட்டாய்' என்று என் சட்டைப்பையில் கை விடுவாள். இன்று எழுந்துகூட நிற்கவில்லை.

"வாங்க சார்," என்றாள்.

சார். சரி, அதுவும் நல்லதுதான். சண்டைக்கு வந்தவளிடம் மாமா என்று கேட்டால் எனக்குத்தான் கூசும்.

"நீ சுவடி படிச்சவ இல்லையேம்மா, கணக்குதானே? இதுல என்ன கண்டுபிடிச்சே?" என்றேன். வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டேன்.

"படிக்கத் தெரியாததுனாலதான் சார் எண்ணினேன். மொத்தம் முப்பத்தெட்டு வகை எழுத்து. பதினொரு இடத்துல வரிக்குக் கீழ சின்னதா ஒரு கூட்டல் குறி போட்டு, விட்டுப்போன எழுத்தைப் பக்கத்துல எழுதியிருக்கு."

ஓலை எழுதுகிறவர்களின் பழக்கம் அது. ஓலையில் கீறிவிட்டால் அழிக்க முடியாது. எழுத்து விட்டுப்போனால் அந்த இடத்தின் கீழே கூட்டல் குறி போட்டு, விட்டதை எழுதுவார்கள். எனக்கா அவள் பாடம் நடத்துகிறாள்?

"அதனால?"

"கிறுக்குறவன் எதுக்கு சார் திருத்தணும்? அர்த்தமில்லாததுல எது விட்டுப்போச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பொய் எழுதுறவன் திருத்த மாட்டான். திருத்துறவனுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கு."

திருஞானம் ஆகா என்று தலையாட்டினான். தஞ்சாவூர் பொம்மை.

"கெட்டிக்காரத் திருடன் திருத்துற மாதிரி நடிப்பான்," என்றேன். "சரி, திருத்தினான்னே வச்சுக்குவோம். மை எங்கேருந்து வந்தது? இங்க வர்ற பழைய கட்டுக்கு நாங்களே மை ஏத்துறது உண்டு. ஆனா எண் கொடுத்து, படம் எடுத்த பிறகுதான் கை வைப்போம். இதுக்கு எண் கொடுக்கிறப்பவே கறுப்பா இருந்தது. உங்க அப்பா விசாரணையில என்ன சொன்னார் தெரியுமா? 'நான் கொண்டுவந்தப்ப மையே இல்லை'ன்னார். மை என்ன மழையா, தானா பெய்ய?"

அவள் மடிக்கணினியை மூடினாள். மூடிய வேகத்தில் எனக்கு ஒரு திருப்தி.

"தெரியும் சார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான் என்கிட்ட பதில் இல்லை."

நாக்கு அப்பனுடையது இல்லை. அவன் இந்த இடத்தில் கெஞ்சியிருப்பான்.

ஜூன் 16, ஞாயிறு

விசேஷம் ஒன்றுமில்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது.

ஜூன் 20, வியாழன்

நான்கு நாளாக அவளுடைய பதினொரு இடங்களோடு மல்லுக்கட்டினேன். திருஞானம் அனுப்பிய படங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஏதாவது ஒன்றில் அவள் சறுக்கியிருந்தால் போதும், பதினொன்றையும் தள்ளிவிடலாம்.

சறுக்கவில்லை. ஏழாம் ஓலையில் ஐந்து எழுத்துச் சொல் ஒன்று வருகிறது. அதே சொல் கட்டு முழுக்க இன்னும் எட்டு இடத்தில் வருகிறது. ஏழாம் ஓலையில் மட்டும் நான்காவது எழுத்தை விட்டுவிட்டான். கீழே கூட்டல் குறி போட்டு அந்த எழுத்தைத்தான் எழுதியிருக்கிறான், வேறெதையும் அல்ல. பதினொன்றும் அப்படித்தான். பாவி, யாரோ அவன், பொறுப்பாக எழுதியிருக்கிறான்.

பாவி என்று ஏன் எழுதினேன்? லூர்துநாதனைத்தான் சொல்கிறேன். அவன்தானே எழுதியவன்.

மாத்திரை போட மறந்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல். தையல்நாயகி அவளைக் கட்டிக்கொண்டாள், காபி கொடுத்தாள், கல்யாணம் ஆயிற்றா, எத்தனை பிள்ளை என்றெல்லாம் கேட்டாள். எதிரியை வீட்டுக்குள் விட்டுச் சீடையும் கொடுத்த மனைவி எனக்குத்தான் வாய்த்திருக்கிறாள்.

காபி குடித்து முடித்ததும் ஜெசிந்தா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். லூர்துநாதனுடைய களப்பணிக் குறிப்பு. அவன் கையெழுத்து கோணலாக இருந்தாலும் படிக்க முடியும். 1998 ஜூலை 25: 'ஓலை 44, விளிம்பில் எண்ணியது. எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிகிறது.'

"விரலுக்குத் தெரியுதுன்னு எழுதியிருக்கார் சார். மை இருந்தா கண்ணுக்கே தெரிஞ்சிருக்குமே?"

"பின்னால மாட்டிக்கிட்டா காட்டறதுக்கு முன்னாலயே எழுதி வச்சிருப்பான்."

"சனிக்கிழமை சாயந்தரம் கட்டை நிலையத்துல வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டார். திங்கட்கிழமை போனா கறுப்பா இருந்துச்சாம். நடுவுல ஞாயித்துக்கிழமை. சாவி மூணு பேர்கிட்ட இருந்தது. பழைய இயக்குநர், வாட்ச்மேன், நீங்க."

"என்னைச் சந்தேகப்படுறியா?"

"நான் கணக்கு டீச்சர் சார். சந்தேகப்பட மாட்டேன், சரிபார்ப்பேன். எந்தக் கட்டுக்கு எப்ப யார் மை ஏத்தினாங்கன்னு பராமரிப்புப் பேரேடு ஒண்ணு இருக்குமே. எல்லா வருஷமும் இருக்கு. 98 மட்டும் அலமாரியில இல்லை."

"கரையான் தின்னுடுச்சு," என்றேன்.

அடுக்களைப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

ஜெசிந்தா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "97ஐயும் 99ஐயும் விட்டுட்டு நடுவுல இருந்ததை மட்டும் தின்ன கரையான்," என்று சொல்லிவிட்டுப் போனாள். திமிர் பிடித்தவள். இவளுக்கா நான் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்?

ஜூன் 25, செவ்வாய்

விசேஷம் ஒன்றுமில்லை.

ஜூன் 28, வெள்ளி

வெள்ளையடிக்க ஆள் வந்தாயிற்று. கூடமும் அடுக்களையும் முடிந்தன. வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாடை. தையல்நாயகி மூன்று நாளாக என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. 'சாப்பாடு.' 'தண்ணி வருது.' 'மோட்டாரை நிறுத்துங்க.' தந்தி அடிக்கிறாள்.

ஜூலை 2, செவ்வாய்

முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். கடையில் கூட்டம், திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் என் அறை வெளுத்திருந்தது. பீரோ நகர்ந்திருந்தது. அதன் காலுக்கு அடியில் புதுப் பலகைத்துண்டு.

பேரேடு மேசைமேல் இருந்தது. தூசி தட்டித் துடைத்து, பரீட்சைத் தாள் வைப்பதுபோல நேராக வைத்திருந்தாள். பீரோவின் கால் அட்டையில் வட்டமாகப் பதிந்திருந்தது. ஒரு பக்கத்தில் அடையாளத்துக்கு ரேஷன் கார்டைச் சொருகியிருந்தாள். அதாவது படித்துவிட்டாள்.

"என்னத்தைப் படிச்சே?" என்றேன்.

"உங்க கையெழுத்து அப்ப நல்லா இருந்துச்சு," என்றாள்.

"தையல், உனக்குத் தெரியாது. அன்னிக்கு நிலைமை வேற."

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாங்க. லூர்து அண்ணன் சம்சாரம் கடைசி வரைக்கும் எனக்கு கிறிஸ்துமஸுக்குக் கேக்கு அனுப்பினா. நானும் வாங்கித் தின்னேன். ஊர்ல எல்லாரும் திருடன்னாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இருபத்தாறு வருஷம் பீரோவுக்கு முட்டுக் கொடுத்தது போதும்."

நான் முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். வெள்ளையடிக்கிறவன் தண்ணீர் கேட்டான். நீயே மொண்டு குடி என்று எரிந்து விழுந்தேன்.

ஜூலை 4, வியாழன்

எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்?

1998 ஜூலை 26, ஞாயிறு. நான்தான் போனேன். லூர்துநாதன் புதிதாக ஏதோ கொண்டுவந்திருக்கிறான், எழுத்து தெரியவில்லையாம் என்று வாட்ச்மேன் சொன்னான். திங்கட்கிழமை எண் கொடுத்து, படம் எடுத்து, பிறகு கை வைக்க வேண்டும். அதுதான் விதி. அந்த விதியை எழுதியவனே நான். ஆனால் பொறுக்கவில்லை. எலுமிச்சைப்புல் எண்ணெயில் கரியைக் குழைத்து முதல் ஓலையில் தடவித் துடைத்தேன். எழுத்து எழுந்து வந்தது. என் வாழ்நாளில் பார்க்காத எழுத்து. சாப்பிடக்கூடப் போகாமல் கட்டு முழுக்கத் தடவினேன். இருபத்தொன்பதும் முப்பதும் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் பொடிந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டேன். பழக்கதோஷம், பேரேட்டில் எழுதியும் வைத்தேன். 'எண் இடாத கட்டு. ஓலை 44. 29, 30 ஒட்டியுள்ளன, பிரிக்கவில்லை. மை ஏற்றியது: சிற்றம்பலம்.'

மறைக்க வேண்டும் என்று அன்று நினைக்கவில்லை. சத்தியம். மறுவாரம் பத்திரிகையில் அவன் படம் வந்தது. அந்த எழுத்தை முதலில் கண்ணால் பார்த்தவன் நான், படம் அவனுடையது. 'சிற்றம்பலம் சார்கிட்ட கேட்டேன், அவருக்கும் தெரியலை' என்று பேட்டியில் சொல்லியிருந்தான். வெள்ளைமனசுக்காரன், உண்மையைத்தான் சொன்னான். எனக்கு அதுதான் வயிறு எரிந்தது. பிறகு பரிசோதனைக்கூடம் மை புதிது என்றது. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஓலை எண்ணியபோது ஒட்டியதை ஒன்றாகவே எண்ணினேன். பேரேட்டைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அறிக்கை எழுதினேன். மூன்று மாதத்தில் துறைத்தலைவர் ஆனேன்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. கை வலிக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பேரேட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். தையல்நாயகி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பார்த்தாள், தடுக்கவில்லை, கொடியில் என் வேட்டியை நன்றாக உதறிப் போட்டாள்.

வெந்நீர் மட்டும் மொண்டுகொண்டு வந்தேன். நாளைக்குப் பேச வேண்டியதைத் தயார் செய்தாயிற்று. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறந்து, மற்ற இடத்தில் மூடிக்கொண்டால் போதும். இருபத்தாறு வருஷம் செய்ததுதானே.

ஜூலை 8, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குழுவில் ஐந்து பேர். ஓர் ஓய்வுபெற்ற வக்கீல், இரண்டு பேராசிரியர்கள், அறக்கட்டளைக்காரர், திருஞானம். கட்டு 611 மேசை நடுவே பட்டுத்துணியில் இருந்தது. நான் பையோடு போனேன். பைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஜெசிந்தா முதலில் பேசினாள். பதினொரு திருத்தத்தையும் சொன்னாள். நான் குறுக்கே விழுந்து விழுந்து கடித்தேன். பிறகு அவள் புதிதாக ஒன்றை எடுத்தாள். எனக்கும் தெரியாதது.

"இது அந்தாதி மாதிரி இருக்கு. ஒவ்வொரு பக்கமும் எந்தச் சொல்லுல முடியுதோ, அடுத்த பக்கம் அதே சொல்லுல தொடங்குது. கட்டு முழுக்க அப்படியே சங்கிலியா வருது. ஒரே ஒரு இடத்துல மட்டும் அறுந்திருக்கு. இருபத்தொன்பதாவது ஓலையில முன்பக்கம் முடியுற சொல்லும் பின்பக்கம் தொடங்குற சொல்லும் வேற வேற. அங்கதான் ஒரு ஓலை விட்டுப்போயிருக்கு. ஆனா ஒரே ஓலையோட ரெண்டு பக்கத்துக்கு நடுவுல இன்னொரு ஓலை எப்படி இருக்க முடியும்னு எனக்குப் புரியலை."

எனக்குப் புரிந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்துக்கொண்டே பேசினேன். "சங்கிலி கட்டத் தெரிஞ்சவன் ஒரு இடத்துல தூங்கிட்டான். அவ்வளவுதான். போலிக்கு அதுவே சாட்சி. மைக்குப் பதில் இல்லை, நாப்பத்திநாலாவது ஓலைக்குப் பதில் இல்லை. அப்பா மேல பாசம் இருக்கலாம், அது ஆராய்ச்சி ஆகாது."

வக்கீல் தலையாட்டினார். பேராசிரியர்கள் இருவரும் மணி பார்த்தார்கள். திருஞானம் தொண்டையைக் கனைத்து, "அப்ப பழைய முடிவே நீடிக்கலாம்னு..." என்று ஆரம்பித்தான். ஜெயித்துவிட்டேன். சத்தியமாக ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஜெசிந்தா வாதாடவில்லை. மடிக்கணினியை உறையில் போட்டாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"கடைசி வாரம் அப்பாவுக்கு நினைவு தப்பிப்போச்சு சார். ஆளைத் தெரியலை. ஆனா போர்வை விளிம்பைப் பிடிச்சு எண்ணிக்கிட்டே இருப்பார். நாப்பத்திநாலு வரும். நிறுத்துவார். 'சரியாத்தானே இருக்கு'ன்னுவார். திரும்ப ஒண்ணுலேருந்து எண்ணுவார்."

பட்டுத்துணியைத் திருஞானம் மடிக்கப் போனான்.

"இரு," என்றேன்.

இரக்கத்தால் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதி அதுதான். மீதி என்னவென்றால், அறுந்த சொல் உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் சாக எனக்கு மனம் இல்லை. இருபத்தாறு வருஷமாக உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த இரண்டு பக்கங்கள்.

"எலுமிச்சைப்புல் எண்ணெய் கொண்டா. மெல்லிசா ஒரு மூங்கில் சிம்பு. இருபத்தொன்பதாவது ஓலை ஒண்ணு இல்லை. ரெண்டு."

திருஞானம் எழுந்து போய் எடுத்துவந்தான். ஜெசிந்தா உறையைக் கீழே வைத்தாள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பழகிய கை. விளிம்பில் எண்ணெய் தொட்டு, ஊறவிட்டு, சிம்பை நுழைத்து, மயிரிழை மயிரிழையாகத் தள்ளினேன். பொடியவில்லை. அன்றே பிரித்திருக்கலாம்.

இரண்டு ஓலையும் திறந்தன. உள்பக்கங்களில் கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது வெறும் கீறல் மின்னியது. ஜெசிந்தா விரலை வைத்துத் தடவினாள். முன்பக்கத்தின் கடைசிச் சொல்லைப் படத்தில் பார்த்தாள், உள்பக்கத்தின் முதல் சொல்லைத் தடவினாள். ஒன்றுதான். இன்னொரு ஓலையின் உள்பக்கம் முடியும் சொல்லைத் தடவினாள், வெளிப்பக்கம் தொடங்கும் சொல்லைப் பார்த்தாள். அதுவும் ஒன்றுதான். அந்த இரண்டு பக்கத்திலும் திருத்தம் ஒன்றுகூட இல்லை. அந்த மனிதன் அன்று பிழையில்லாமல் எழுதியிருக்கிறான்.

"அப்ப நாப்பத்திநாலு," என்றார் அறக்கட்டளைக்காரர்.

"எழுதினவனே மை ஏத்தியிருந்தா உள்ளேயும் கறுப்பு இருக்கணுமே," என்றார் வக்கீல். "ஒட்டிப்போன பிறகுதான் யாரோ ஏத்தியிருக்காங்க. யாரு?"

இந்தத் தடவை யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். கட்டிக்கொள்ள மறந்திருந்தேன்.

நேற்று அடுப்பில் போடாத பேரேட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். ரேஷன் கார்டு இன்னும் அதே பக்கத்தில் இருந்தது.

"நான்," என்றேன்.

திருஞானம் படித்தான், உரக்க. அந்த மூன்று வரியையும் அவன் குரலில் கேட்க வேண்டியதாயிற்று.

ஜெசிந்தா கத்துவாள், அழுவாள், அறைந்தாலும் அறைவாள் என்று நினைத்தேன். அவள் பேரேட்டை வாங்கிப் போனில் படம் எடுத்தாள், இரண்டு தடவை, தெளிவாக விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு. பிறகு என்னிடம் வந்தாள்.

"நீங்க செத்த பிறகு இது கிடைச்சிருந்தா, தெரியாம நடந்துபோச்சு போலன்னு நெனச்சுக்கிட்டு உங்களை மன்னிச்சிருப்பேன். இப்ப முடியாது சார். எங்க அப்பா எண்ணிக்கிட்டிருந்தப்பல்லாம் நீங்க உசுரோட இருந்தீங்க."

நன்றி சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? கோபம் எனக்குத்தான் வந்தது. அவள்மேல் என்று நினைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வீடு வருவதற்குள் அது அவள்மேல் இல்லை என்று தெரிந்துவிட்டது.

தையல்நாயகி கதவைத் திறந்து பையைப் பார்த்தாள். காலியாக இருந்தது. தட்டு போட்டாள். வெண்டைக்காய்க் குழம்பு. இரண்டு வாரத்துக்குப் பிறகு எதிரே உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள்.

ஜூலை 10, புதன்

திருஞானம் போன் செய்தான். 'ஐயா' இல்லை, 'நீங்க' மட்டும். பட்டியலில் 'போலி' அடிக்கப்பட்டுவிட்டது. 'வாசிக்கப்படாதது. கண்டெடுத்தவர்: லூர்துநாதன்' என்று எழுதியிருக்கிறார்களாம். என் ஓய்வூதியம், பட்டம், இத்யாதி பற்றிக் குழு தனியாகக் கூடும். கூடட்டும்.

அது மொழிதான் என்று முடிவாகிவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம். பேராசிரியர்கள் இருவரும் அங்கேயே சண்டை போட்டுக்கொண்டார்களாம். ஒருவர் ஏதோ ரகசியக் குழுவின் எழுத்து என்கிறார், இன்னொருவர் அந்தக் காலத்திலேயே எவனோ விளையாடிய விளையாட்டு என்கிறார். இரண்டு பேரும் மடையர்கள். விளையாடுகிறவன் பதினொரு இடத்தில் திருத்த மாட்டான்.

ஜூலை 12, வெள்ளி

நகர்த்திய பீரோவை அதன் இடத்தில் தள்ளினோம். ஆடவில்லை. உள்ளே பழைய நாட்குறிப்புகள் எல்லாம் வருஷ வரிசையில் இருக்கின்றன. 1998ஐ எடுத்தேன். விசாரணை நடந்த செப்டம்பர் 14, திங்கள். அன்று பெரிதாக ஏதாவது எழுதியிருப்பேன், ஒரு சாக்காவது சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன்.

ஒரே வரி. 'விசேஷம் ஒன்றுமில்லை.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வரிக்குக் கீழே கூட்டல் குறி போட்டேன். இடம் கொஞ்சம்தான் இருந்தது, எழுத்தைச் சிறிதாக்கி விட்டுப்போனதை எழுதினேன்.

'மை பூசியது யார் என்று லூர்துநாதன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.'